மொசைக் தரையில் ஆர்சி டிரிஃப்ட்: ஜைரோவைத் தொடும் முன்

ஆர்சி டிரிஃப்ட் என்பது ரிமோட்டில் ஓடும் சிறு காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுவது. கார் திரும்புவதை உணர்ந்து முன்சக்கரங்களைத் தானே எதிர்ப்பக்கம் திருப்பும் சிறு கருவிதான் ஜைரோ, அது எவ்வளவு பலமாகத் திருப்பும் என்ற அளவு கெயின். கார் நின்ற இடத்தில் சுற்றுகிறது என்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது ஜைரோ கெயினில்தான். கெயினை ஏற்றினால் சுற்றுவது குறையும், ஆனால் கோளாறு போய்விடாது. இறுகிப்போன பால் ஜாயின்ட் (ஸ்டியரிங் இணைப்பின் பந்து மூட்டு), கோணலான சர்வோ ஆர்ம் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவின் கை), முன்பக்கம் கூடிய எடை எல்லாவற்றையும் ஜைரோ மூடி மறைத்துவிடும். அதனால் தரை, டயர், ஸ்டியரிங், எடை, ஷாக், கியர் என்று வரிசையாக முடித்துவிட்டு, கடைசியாக ஜைரோவுக்கு வர வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, பின்சக்கர டிரைவ் கார்களுக்கு. யோகோமோ ஒய்டி-2, எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ், 3ரேசிங் சகுரா டி5 என எதுவானாலும் முறை ஒன்றே. டமியா டிடி-02டி போன்ற நான்கு சக்கர டிரைவ் வண்டி ஜைரோ இல்லாமலே ஓடும். அதை வைத்திருப்பவர்கள் தரை, டயர் பகுதியைப் படித்தால் போதும்.

தரையும் டயரும்

டிரிஃப்ட் டயர் ரப்பர் அல்ல, கெட்டிப் பிளாஸ்டிக் வளையம். அதனால் தரை வழுவழுப்பாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். புதுச்சேரி பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு கூடம், கடலூரில் எழுபது எண்பதுகளில் கட்டிய வீடுகளின் மொசைக், கல்யாண மண்டபத்து கிரானைட், நன்றாகத் தேய்த்த சிமெண்ட் போட்ட கார் ஷெட் எல்லாம் சரிப்படும். விட்ரிஃபைட் டைல்ஸிலும் ஓட்டலாம், ஆனால் இணைப்புக் கோடுகள் முன்சக்கரத்தைத் தட்டித் தட்டி விடும். பேவர் பிளாக், தட்டோடு பதித்த மொட்டை மாடி இரண்டும் வேண்டாம். இரவில் வாகனங்களை விடாத புதுச்சேரி கடற்கரைச் சாலை ஆசை காட்டும். அங்கே கூட்டமும் உண்டு, மணலும் உண்டு. இரண்டுமே இதற்கு ஆகாது.

ஓட்டும் முன் தரையைப் பெருக்கி, வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். பினாயில் போட்டுத் துடைத்தால் படலம் தங்கி, ஓடஓடப் பிடிப்பு மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிரானைட் வியர்த்துக்கொள்ளும். அன்றைக்கு எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள், மறுநாள் அது பொருந்தாது.

கடை டயர் வாங்கினால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே எண்ணாக இருக்கட்டும். முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் என்று தொடங்கினால் கார் ஏன் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. புது டயரை ஒரு பேட்டரி தீரும்வரை ஓட்டித் தேய்த்த பிறகுதான் அதன் உண்மையான பிடிப்பு தெரியும்.

டயர் வாங்க முடியாதவர்களுக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. 2 இஞ்ச் யுபிவிசி, ஷெட்யூல் 40 குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., உள்விட்டம் சுமார் 52.5 மி.மீ. 1/10 ரிம்மின் விட்டமும் ஏறக்குறைய அதுதான். ஷெட்யூல் 80 வாங்கினால் சுவர் தடிமன் கூடி ரிம் நுழையாது. ரிம்மைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. 26 மி.மீ. அகலத்துக்கு நான்கு வளையம் வெட்ட வேண்டும். ஹேக்ஸா பிளேடில் வெட்டினால் கோணலாகும், கோணல் வளையம் ஓடும்போது அதிரும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரே அளவில் வெட்டி, வெளி ஓரத்தை 1 மி.மீ. சரித்தும் தருவார்கள். ஓரம் கூராக இருந்தால் டைல்ஸ் இணைப்பில் மாட்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு இடுக்கியால் எடுத்து ரிம்மில் ஏற்றுங்கள், ஆறியதும் இறுகிக்கொள்ளும். தளர்வாக இருந்தால் ரிம்மின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப், ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு சூப்பர் க்ளூ. சொரசொரப்பான சிமெண்டில் இந்த வளையம் சீக்கிரம் தேயும், மொசைக்கில் நன்றாக உழைக்கும்.

ஸ்டியரிங்

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். சர்வோவிலிருந்து வரும் ராடைக் கழற்றிவிட்டு, காரைக் கையில் தூக்கி இடமும் வலமும் சாயுங்கள். முன்சக்கரங்கள் தம் எடையிலேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விழ வேண்டும். விழாவிட்டால் ஏதோ ஒரு பால் கப் (பந்தைப் பிடித்திருக்கும் கிண்ணம்) இறுக்கம். பந்து உள்ளே இருக்கும்போதே கப்பைப் பிளையரால் லேசாக ஒரு முறை அழுத்தினால் தளரும். அதிகம் அழுத்தினால் ஆட்டம் கொடுத்துவிடும், பிறகு கப்பையே மாற்ற வேண்டியதுதான். டிரிஃப்டில் சக்கரங்கள் பாதி வேலையைத் தாமாகவே திரும்பிச் செய்கின்றன, அதனால்தான் இந்தச் சோதனை.

அடுத்து ரிமோட்டையும் ரிசீவரையும் போட்டு, ஜைரோ ஏற்கெனவே இணைந்திருந்தால் கெயினைப் பூஜ்யத்தில் வையுங்கள். சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் ரிமோட் செட்டிங்குகளான டிரிம், சப்-டிரிம் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க, சர்வோ நடுவுக்கு வந்ததும் ஆர்மைப் பொருத்துங்கள். ஆர்மும் ராடும் 90 டிகிரியில் சந்திக்க வேண்டும். பல் ஒன்று தள்ளி நின்றால் அந்தச் சிறு வித்தியாசத்துக்கு மட்டும் சப்-டிரிம். ராடின் நீளத்தைத் திருகி சக்கரங்களை நேராக்குங்கள்.

எண்ட்பாயிண்ட், அதாவது சக்கரம் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையை வைக்கும்போது வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையின் கோணமானி உதவும். ஒரு பக்கத்துக்கு 60 முதல் 65 டிகிரி போதும், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். முழுத் திருப்பத்தில் சக்கரம் சஸ்பென்ஷன் ஆர்மிலோ சேஸிஸிலோ முட்டினால் சர்வோ ரீங்காரம் போடும். அப்படியே விட்டால் சர்வோ சூடேறிக் கருகும், மின்னோட்டம் ஏறி ரிசீவரும் நடுவழியில் அணைந்து எழும். முட்டும் இடத்திலிருந்து எண்ட்பாயிண்டைச் சற்று குறைத்து நிறுத்துங்கள். முழுத் திருப்பத்தில் இரண்டு முன்சக்கரமும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கோணம் ரொம்ப வேறுபட்டால் ஒரு சக்கரம் தரையைச் சுரண்டி பிரேக் போல இழுக்கும்.

சர்வோ டிஜிட்டலாக, 60 டிகிரிக்கு 0.10 வினாடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். மெதுவான சர்வோவை எந்த ஜைரோவும் காப்பாற்றாது.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம் (மைனஸ் என்றால் மேல் பகுதி உள்ளே), காஸ்டர் என்பது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பும் கோணம். முன்பக்கம் கேம்பர் மைனஸ் 6 முதல் 8 டிகிரி, காஸ்டர் 8, டோ வெளிப்பக்கம் 1. பின்பக்கம் கேம்பர் மைனஸ் 2, டோ உள்பக்கம் 2. இவை தொடக்கம் மட்டும்தான், கிட் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். பின் கேம்பர் சரியா என்று பார்க்க, டயரின் குறுக்கே கருப்பு மார்க்கரால் கோடு போட்டு இரண்டு சுற்று ஓட்டுங்கள். கோடு முழு அகலத்துக்கும் அழிய வேண்டும். உள் ஓரத்தில் மட்டும் அழிந்தால் கேம்பர் அதிகம்.

எடை, ஷாக், கியர்

பேட்டரி, பாடி எல்லாம் ஏற்றிய பிறகு எடை பாருங்கள். சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும். பின்சக்கரங்களைத் தராசின் மேலும், முன்சக்கரங்களை அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மேலும் வைத்தால் பின்பக்க எடை கிடைத்துவிடும். மொத்தத்தில் 55 முதல் 58 சதவீதம் பின்னால் இருப்பது நல்ல தொடக்கம். 1500 கிராம் கார் என்றால் பின்னால் 825 முதல் 870 கிராம். இடமும் வலமும் 10 கிராமுக்குள் வித்தியாசம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அழகாக வழுக்கி மறுபக்கம் சுற்றும். வீல் பேலன்சிங் செய்யும் டயர் கடைகளில் கிடைக்கும் 5 கிராம், 10 கிராம் ஒட்டுக் கட்டிகளே எடை சேர்க்கப் போதும்.

ஷாக் எண்ணெய் 200 சிஎஸ்டி (எண்ணெயின் கெட்டித்தன்மைக்கான அலகு) அளவில், ஸ்ப்ரிங் மென்மையானதாக. எண்ணெய் ஊற்றி பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்து, பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்தால் குமிழி மேலே வந்துவிடும். மூடிய பின் அழுத்தும்போது களக் களக் என்று சத்தம் வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. இடது, வலது ஷாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். தரைக்கும் சேஸிஸுக்கும் 5 மி.மீ., டைல்ஸ் தரையில் 6 மி.மீ. சித்திரை வெயிலில் எண்ணெய் இளகி ஷாக் மென்மையாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மோட்டார் சென்சார் உள்ள பிரஷ்லெஸ், 13.5 அல்லது 10.5 டர்ன் (கம்பிச் சுற்று, எண் குறைந்தால் வேகம் கூடும்). கற்றுக்கொள்ள 13.5 தாராளம். ஏ, பி, சி வயர்களை இஎஸ்சியின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அதே எழுத்தோடு இணைக்க வேண்டும். சென்சார் மோட்டாரில் இவை மாறினால் மோட்டார் திணறும், சூடேறிக் கெடும். கியர் விகிதம் என்பது ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) பற்களைப் பினியன் (மோட்டாரிலுள்ள சிறிய பல்சக்கரம்) பற்களால் வகுத்து, சேஸிஸின் உள்விகிதத்தால் பெருக்குவது. 84 பல் ஸ்பர், 24 பல் பினியன், உள்விகிதம் 2.6 என்றால் 9.1. பற்களுக்கு நடுவே ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கி, திருகை முடுக்கிவிட்டுக் காகிதத்தை எடுத்தால் இடைவெளி சரியாக இருக்கும். இஎஸ்சியில் மோட்டார் வேகத்தைக் கூட்டும் பூஸ்ட், டர்போ இரண்டையும் அணைத்து, வேகம் கொடுப்பதை விட்டதும் தானே பிடிக்கும் டிராக் பிரேக்கை 0 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்துத் தொடங்குங்கள். மோட்டார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனை ஒரு பல் குறையுங்கள்.

இப்போது ஜைரோ

இரட்டைப் பக்க ஃபோம் டேப்பால் சேஸிஸில் தட்டையாக, மோட்டார் வயர்களிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். பவர் போட்டதும் சில வினாடி காரை அசைக்கக்கூடாது, அந்த நேரத்தில்தான் அது தன் பூஜ்யத்தைப் பிடிக்கிறது. ஆட்டினால் சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும்.

முதலில் ரிமோட்டில் வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் போகிறதா பாருங்கள். மாறியிருந்தால் அதை ரிமோட்டின் ரிவர்ஸில் சரிசெய்யுங்கள். பிறகு கெயினைக் கொஞ்சம் ஏற்றி, காரின் மூக்கு வலப்பக்கம் போகும்படி கையால் சட்டெனத் திருப்புங்கள். முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவையும் வலப்பக்கம் திரும்பினால் ஜைரோவின் திசை தப்பு, அதை ஜைரோவில்தான் மாற்ற வேண்டும், ரிமோட்டில் அல்ல. இந்த இரண்டு ரிவர்ஸையும் குழப்பிக்கொள்வதால்தான் புதிதாகச் செய்பவர்களின் கார் தரையில் விட்டவுடனே பம்பரமாகிறது. ஜைரோவில் எண்ட்பாயிண்டைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதை முடியுங்கள். இல்லாவிட்டால் முன்பு கவனமாக வைத்த எல்லையைத் தாண்டி ஜைரோ சர்வோவை முட்ட வைக்கும்.

கெயினை ரிமோட்டின் மூன்றாவது சேனலில் ஒதுக்கினால் ஓட்டிக்கொண்டே மாற்றலாம். நேராக ஓட்டியபடி கெயினைப் படிப்படியாக ஏற்றுங்கள். முன்சக்கரங்கள் இடதும் வலதுமாகப் படபடக்கத் தொடங்கும் புள்ளி ஒன்று வரும். அங்கிருந்து படபடப்பு நிற்கும்வரை இறக்கினால் அதுவே அந்தத் தரைக்கான கெயின். படபடப்பு மிகக் குறைந்த கெயினிலேயே வந்தால் சர்வோ மெதுவானது, அல்லது ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பது

4 மீட்டருக்கு 6 மீட்டர் இடம் போதும். வேகம் கொடுக்கும் திராட்டிலின் எண்ட்பாயிண்டை 60 சதவீதத்தில் வைத்து, ஒரு தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒரு பக்கம் பழகியதும் மறுபக்கம், பிறகு இரண்டரை மீட்டர் இடைவெளியில் இரண்டு பாட்டில் வைத்து எட்டு. திராட்டிலை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே சீராகப் பிடிப்பதுதான் முதல் பாடம்.

திராட்டில் கொடுத்ததும் சுற்றினால் பின்பக்கப் பிடிப்பு போதவில்லை. பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள், அல்லது பின் ஸ்ப்ரிங்கை இன்னும் மென்மையாக்குங்கள், பின் டோவை ஒரு டிகிரி கூட்டுங்கள். வழுக்கத் தொடங்காமல் நேரே போய்ச் சுவரை முட்டினால் முன்பக்கம் பிடிக்கவில்லை. எடையை முன்னே கொண்டுவாருங்கள், அல்லது முன் ஸ்ப்ரிங்கை மென்மையாக்குங்கள். எட்டு போடும்போது திசை மாறும் இடத்தில் மட்டும் வால் வீசி எறிந்தால், பெரும்பாலும் பின் ஷாக் எண்ணெய் மிக இளகியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பேட்டரி 2எஸ் லைப்போ, அதாவது இரண்டு செல் லித்தியம் பாலிமர். 4000 எம்ஏஎச் என்றால் 4 ஆம்பியரில் பேலன்ஸ் சார்ஜ் (செல்களைச் சமமாக நிரப்புவது) செய்து 8.40 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் ஓட்டத்தை முடியுங்கள். இரண்டு நாளைக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து இரும்புப் பெட்டியில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விடக்கூடாது.

தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ கடலுக்குப் பக்கமாக வீடு இருந்தால் 5×10×4 மி.மீ. பேரிங்குகள்தான் முதலில் போகும். ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மாதம் ஒருமுறை பேரிங்கைக் கழற்றி விரலில் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் கழுவி, ஒரே ஒரு சொட்டு மெஷின் ஆயில். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீல் திருகுகளின் தலையிலும் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் அடுத்த முறை ஆலன் கீ வழுக்காது.