மலையில் சுடப் போகிறீர்களா? பாலிஸ்டிக் ஆப்பில் காற்றழுத்தத்தை ஒழுங்காகப் போடுங்கள்

ஹூஸ்டன் பக்கம், கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் ரைபிளை 100 கெஜத்துக்கு ஜீரோ செய்துவிட்டு (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு), எல்க் எனும் பெரிய மானின் வேட்டைக்குக் கொலராடோ கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்பது, மேலே போனதும் ஜீரோ மாறிவிடுமா என்பதுதான். 100 கெஜத்தில் மாறாது, 300-இல்கூட ஓர் அங்குலம் வந்தால் அதிகம். 600 கெஜத்தில்தான் வேலையே இருக்கிறது: 10,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் முக்கால்வாசிதான், குண்டை இழுத்துப் பிடிக்கிற காற்று குறைவு, அதனால் அது அவ்வளவாக இறங்காது. நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் 6.5 கிரீட்மோர் தோட்டா, 143 கிரெயின் எடைக் குண்டு என்றால் ஊரில் போட்ட கணக்கைவிடச் சுமார் 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு எம்ஓஏ (கோண அளவு, 100 கெஜத்துக்குச் சுமார் ஓர் அங்குலம்) மேலே படும்.

இந்தக் கணக்கைப் போட்டுத் தருவதுதான் போனில் இருக்கிற பாலிஸ்டிக் ஆப், நாம் சரியான விவரம் கொடுத்தால். முதலில் ரைபிள் விவரம். வேகத்தைத் தோட்டாப் பெட்டியில் பார்த்துப் போடாதீர்கள், உங்கள் குழலில் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) காட்டியதைப் போடுங்கள். பிசி எண்ணில், அதாவது குண்டு காற்றை எவ்வளவு சுலபமாகக் கிழித்துப் போகும் என்று சொல்லும் எண்ணில், ஜி1, ஜி7 என்ற இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹார்னடி நிறுவனத்தின் 143 கிரெயின் இஎல்டி-எக்ஸ் குண்டுக்கு ஜி1 0.625, ஜி7 0.315. ஜி7-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு 0.625 என்று அடித்தால் குண்டு ஏவுகணை மாதிரிப் போவதாக ஆப் சொல்லும்.

இப்போது எல்லாரும் வழுக்கி விழுகிற இடம். கொலராடோவின் லெட்வில் ஊர் 10,000 அடிக்கும் மேலே இருக்கிறது, ஆனால் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் காற்றழுத்தம் 30.1 அங்குலம் (பாதரச அளவு) என்று காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண், அங்கே நிஜத்தில் இருப்பது 20.6 அளவுதான். அந்த 30.1-ஐ நிஜ அழுத்தம் கேட்கிற கட்டத்தில் போட்டால் ஆப் உங்களை மறுபடி ஹூஸ்டனிலேயே உட்கார வைத்துவிடும். நானும் ஒரு தடவை இதைச் செய்து, இரும்புத் தகட்டுக்கு மேலே மண் பறப்பதைப் பார்த்துவிட்டு, பாவம், ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கெஸ்ட்ரல் என்ற கையடக்க வானிலைக் கருவியோ பாரோமீட்டர் உள்ள போனோ இருந்தால் நிஜ அழுத்தத்தை, அதாவது ஸ்டேஷன் பிரஷரை, எடுத்துப் போடுங்கள். அப்புறம் உயரத்தைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை, சேர்த்தால் சில ஆப்கள் இரண்டு தடவை கழித்துவிடும். கருவி இல்லையா, உயரத்தையும் வெப்பநிலையையும் மட்டும் கொடுங்கள், வேட்டைக்கு அது போதும்.

சரிவில் மேலோ கீழோ பார்த்துச் சுடுவதானால் கோணத்தையும் சேர்க்க வேண்டும். ஸ்கோப்பின் திருகு ஒரு கிளிக்குக்கு நகர்வது கால் எம்ஓஏவா, 0.1 மில்லா (மில் இன்னொரு கோண அளவு) என்பதை ஆப்பில் ஒருமுறை சரிபாருங்கள். கால் எம்ஓஏ என்றால் நம்ம 6 அங்குலத்துக்கு 4 கிளிக் குறைப்போம். முகாமுக்குப் போனதும் 400, 500 கெஜத்தில் ஒரு கல்லையோ தகட்டையோ சுட்டு, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆப் 600-க்கு விடை சொல்கிறது என்பதற்காக எல்க்கை 600-இல் சுட வேண்டும் என்றில்லை, என் கணக்கில் அது 300-ஓடு சரி.

கடைசியாக, அந்த உயரத்துக்கான அட்டவணையைத் தாளில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில் போன் பேட்டரி 40 சதவீதத்தில் இருக்கும்போதே அணைந்துவிடக்கூடும்.