கரைப்பான் ஆவி: முகமூடிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தின்னர், அசிட்டோன், டொலுயின் போன்ற கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் முகமூடி கடைசி அரண்தான். முதலில் கரைப்பானுக்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளை (SDS) எடுங்கள். அதன் 16 பகுதிகளில் 2, 4, 8 மூன்றையும் வேலைக்கு முன்பே படித்தாக வேண்டும்: என்ன ஆபத்து, மேலே பட்டால் என்ன முதலுதவி, எந்தக் கையுறை, எந்த வடிகட்டி.

நீர் சார்ந்த திரவத்திலேயே வேலை முடியுமென்றால் கரைப்பானை விட்டுவிடுங்கள். முடியாதென்றால் டப்பாவை மூடியே வையுங்கள். நனைந்த துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.

அதிகம் பிழை நடப்பது காற்றோட்டத்தில். ஆவியை வெளியே இழுக்கும் உறிஞ்சுகுழாயின் வாய், அது கிளம்பும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். குழாயின் விட்டம் 20 செ.மீ. என்றால், வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளிப்போனாலே இழுவேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். பெரிய மோட்டார் போட்டும் நெடி போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆவிக்கும் குழாய்க்கும் நடுவில் தொழிலாளியின் முகம் வரக் கூடாது. மேசை விசிறி வேண்டாம், அது ஆவியைப் பக்கத்தில் நிற்பவர் மேல் தள்ளும். மோட்டார் தீப்பொறி கிளப்பாத வகையாக இருக்கட்டும்.

மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவும். ஓட்டை எதுவும் தெரியாது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் நன்றாகத் தாங்கும், டொலுயினுக்கு அதே கையுறை சரிப்படாது. கரைப்பான் மாறினால் கையுறையும் மாற வேண்டும்.

தூசு முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கரி வடிகட்டி தேவை. அணிந்ததும் வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்து 10 விநாடி நிறுத்துங்கள். முகமூடி உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. சும்மா திறந்து வைத்தாலும் கரி காற்றிலுள்ள ஆவியை ஈர்த்துத் தீர்ந்துவிடும், ஆகவே வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பைக்குள் வையுங்கள். நெடி வரட்டும் என்று காத்திராமல், நாள் குறித்து மாற்றுங்கள்.

தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு இந்த முகமூடி ஆகவே ஆகாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் வடிகட்டியால் அதை உண்டாக்க முடியாது. மயங்கியவரைத் தூக்க வெறுமனே உள்ளே குதிப்பவரும் அங்கேயே விழுவார். வெளியிலிருந்து காற்று தரும் கருவியோடுதான் இறங்க வேண்டும்.

கண்ணில் தெறித்தால் இமைகளை விரித்துப் பிடித்து 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், பிறகு மருத்துவரிடம் போகும்போது தரவுத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.