டயாலிசிஸ் கதீட்டரோடு வீட்டுக்கு வந்தபின் என்ன செய்யவேண்டும்?

டயாலிசிஸை அவசரமாகத் தொடங்கவேண்டி வந்தால், பெரும்பாலும் கழுத்தின் வலப்பக்கப் பெரிய ரத்தக்குழாயில் தற்காலிகக் கதீட்டர் (ரத்தத்தை மெஷினுக்கு எடுத்துத் திருப்பி அனுப்பும் குழாய்) போடுவார்கள். சிலருக்குத் தொடையில். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஆபரேஷன்) போட்டாலும் அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேற ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும். கழுத்துக் கதீட்டரைப் பொதுவாக 2 வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. தொடையில் இன்னும் குறைவு. நாள் நீண்டுகொண்டே போனால் தோலுக்கடியில் பதிக்கும், நீண்டநாள் வைக்கக்கூடிய கதீட்டரான பெர்ம்கேத் பற்றி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

கழுத்துக் குழாயின் உள்நுனி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, தொடைக் குழாயும் பெரிய ரத்தக்குழாய்க்குள்தான் இருக்கிறது. வெளியே ஒட்டும் கிருமி நேராக ரத்தத்துக்கே போகும். அதனால் வீட்டில் உங்கள் வேலை பெரும்பாலும் அதைத் தொடாமல் இருப்பதுதான்.

1. மூடியைத் திறக்காதீர்கள். சிவப்பு, நீலம் இரண்டு முனைகளையும் டயாலிசிஸ் பிரிவினர் மட்டுமே திறக்கவேண்டும். உள்ளே ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போன்ற மருந்தை நிரப்பி வைத்திருப்பார்கள். வேறு இடத்தில் “இதிலேயே குளுக்கோஸ் ஏற்றிவிடலாமே” என்று கேட்டால் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள்.

2. தினமும் ஒருமுறை கையை சோப்பால் கழுவிவிட்டுப் பாருங்கள். கிளாம்ப் (குழாயை அழுத்தி அடைக்கும் கிளிப்) இரண்டும் மூடியிருக்கிறதா? மூடி இறுக்கமா? கட்டு நனைந்தோ பிரிந்தோ இருக்கிறதா? நனைந்திருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் சென்டருக்குப் போன் செய்யுங்கள்.

3. குளியல்தான் எல்லோருக்கும் பெரிய தலைவலி. கழுத்தில் இருந்தால் இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் கவர் சுற்றிக் குளிப்பதை நம்பவேண்டாம், எப்படியும் தண்ணீர் புகுந்துவிடும். தொடையில் இருந்தால் உடம்பு முழுக்கத் துடைப்பதோடு சரி. காலை மடக்கி உட்காருவதும் கூடாது.

4. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, நைட்டி வசதி. தாலிக்கயிறோ செயினோ கட்டின்மேல் உரசினால் கொஞ்சநாள் கழற்றி வையுங்கள். பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள், டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். மஞ்சள், விபூதி, பவுடர் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். பக்கத்தில் கத்தரிக்கோலும் பிளேடும் கூடவே கூடாது.

5. சென்டரில் கட்டு மாற்றும்போதும் குழாயை மெஷினில் இணைக்கும்போதும் உங்களுக்கும் நர்ஸுக்கும் மாஸ்க் இருக்கவேண்டும். அவர் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள், தப்பில்லை.

காய்ச்சல் வந்தாலோ, டயாலிசிஸ் நடுவே குளிர்நடுக்கம் வந்தாலோ, குழாய் நுழையுமிடம் சிவந்து சீழ் வைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் டெஸ்ட்) ரத்தம் எடுப்பது நல்லது, அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

கதீட்டர் கழன்று வந்துவிட்டதா? உடனே படுக்கவைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். வந்த குழாயைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. மூடி மட்டும் விழுந்திருந்தால் முதலில் கிளாம்பை மூடுங்கள், அப்புறம் சென்டருக்குப் போன். மூச்சு வாங்கினால் காற்று உள்ளே போயிருக்கலாம். தலை தாழ்வாக இருக்கும்படி இடப்பக்கமாகப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

இதற்கிடையே ஃபிஸ்டுலாவுக்கு எந்தக் கை என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்கவும், ஊசி போடவும், பிபி பார்க்கவும் இப்போதிருந்தே விடாதீர்கள்.