விலங்குகளோடு வேலை பார்க்க ஆசையா? பயிற்சியில் சேரும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

"எனக்கு நாய்னா உயிர், இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "கூண்டு கழுவுவீங்களா?" என்றுதான். கிண்டலுக்காகக் கேட்பதில்லை. இந்தத் துறையில் எந்த வேலைக்குப் போனாலும் நாளின் பெரும்பகுதி கழுவுவதிலும், தண்ணீர் மாற்றுவதிலும், சாணமோ மலமோ எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதி வைப்பதிலும், பதறிப்போய் வந்து நிற்கும் உரிமையாளரைச் சமாளிப்பதிலும் போய்விடும். சரி, அது பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள்.

படி 1: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

கால்நடை மருத்துவர் ஆவது தனிப் பாதை, அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். நான் இங்கே பேசுவது தொழிற்பயிற்சியோடு நுழையக்கூடிய வேலைகளை: கால்நடை மருத்துவமனை உதவியாளர், க்ரூமிங் (குளிப்பாட்டி, முடி, நகம் வெட்டிவிடுவது), நாய்ப் பயிற்சியாளர், காப்பகப் பணியாளர், குதிரை லாயம், மாட்டுப் பண்ணை, உயிரியல் பூங்கா.

வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் க்ரூமிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டே, ஈரக் கையோடு வேலை பார்க்க வேண்டும். நாய்ப் பயிற்சியாளர் உண்மையில் பயிற்சி கொடுப்பது நாயை வளர்ப்பவருக்குத்தான், அதனால் மனிதர்களோடு பேசப் பிடிக்காதவர்களுக்கு அது ஒத்துவராது. பூங்காவில் புலி, சிங்கம் மாதிரியான விலங்குகளைத் தொடவே விடமாட்டார்கள், எல்லாமே கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்துதான்.

படி 2: பணம் கட்டும் முன் சும்மா போய் வேலை பாருங்கள்

பக்கத்தில் இருக்கும் காப்பகத்திலோ பண்ணையிலோ சில வாரம் தன்னார்வலராகப் போங்கள். மழை நாளிலும் விடுமுறை நாளிலும் போங்கள், மிருகங்களுக்கு அன்றைக்கும் பசிக்கும். முடி, உமிழ்நீர் ஒவ்வாமை உங்களுக்கு இருக்கிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். கட்டணம் கட்டிய பிறகு தும்ம ஆரம்பித்தால் யாரும் பணத்தைத் திருப்பித் தரப்போவதில்லை.

படி 3: ஊசி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, ஆனால் முன்கூட்டியே தடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைப்பது 2 டோஸ், முதல் நாளிலும் ஏழு நாள் கழித்தும். போட்டிருந்தாலும் சரி, கடிபட்டால் காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் முன்னால் போட்டவர்களுக்கும் கூடுதல் டோஸ் தேவை. டெட்டனஸ் ஊசியும் நடப்பில் இருக்கட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் பூனை மலத்தைச் சுத்தம் செய்யும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், அதில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று கருவைப் பாதிக்கும்.

படி 4: பயிற்சி மையத்தைச் சோதியுங்கள்

மொத்த நேரத்தில் மிருகத்தைக் கையாளும் நேரம் எவ்வளவு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், நீங்கள் வேலைக்குப் போக நினைக்கும் இடங்கள் இந்தச் சான்றிதழை மதிக்கின்றனவா என்று கேளுங்கள். இணையவழியில் உடற்கூறும் ஊட்டச்சத்தும் படிக்கலாம், ஆனால் உதறும் பூனையைப் பிடிக்க வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நாய் உறுமினால் என்ன செய்வீர்கள்?" அடக்கி, யார் தலைவன் என்று காட்டுவோம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உறுமல் எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும். இந்தத் 'தலைவன்' கதை, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒன்றாக அடைத்து வைத்துப் பார்த்ததில் பிறந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். இன்னமும் பழைய பாடத்தையே நடத்துகிற இடத்துக்கு உங்கள் பணம் எதற்கு?

படி 5: தொடும் முன் பாருங்கள்

என்னைக் கேட்டால், முழுப் பயிற்சியிலும் மதிப்புள்ள பகுதி இதுதான். தினமும் ஒரு நோட்டோடு உட்கார்ந்து ஒரே மிருகத்தைப் பத்து நிமிடம் பாருங்கள்.

நாய் வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வேகமாக ஆடினால் தள்ளி நில்லுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இதெல்லாம் அது சங்கடப்படுகிறது என்பதற்கான அடையாளம். சட்டென்று அசையாமல் நின்றுவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

தூங்கும் நாயின் மூச்சை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருப்பது இயல்பு. உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், புதிதாக வருபவர்கள் நம்முடைய 37ஐ மனதில் வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பயப்படுவார்கள்.

பூனை வலியை மறைப்பதில் கெட்டிக்காரி, வலியிலும் குர்ரென்று சத்தம் போடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராவிட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அது அவசரம்.

குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது, அதனால் குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். மாட்டை நகர்த்தக் கம்பு வேண்டியதில்லை. பக்கவாட்டில் தோளுக்குப் பின்னால் நின்று ஓரடி நெருங்கினால் முன்னால் நகரும், தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும்.

படி 6: சுத்தம்

முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு அப்புறம்தான் கிருமிநாசினி, அதுவும் பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்தவுடன் துடைத்தால் வேலைக்காகாது. ஆரோக்கியமான குட்டிகளின் இடத்தை முதலிலும் நோயாளிகளின் இடத்தைக் கடைசியிலும் கழுவுங்கள். மூத்திரம் தேங்கிய இடத்தில் நேரடியாக ப்ளீச் ஊற்றாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும்.

படி 7: பிடிப்பது

எவ்வளவு குறைவாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குறைவாக. பூனைக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு போதும். வலியில் இருக்கும் நாய்க்கு, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், வாய்க்கூடு போடுவதில் தப்பில்லை. ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் போடக்கூடாது.

படி 8: எழுதி வையுங்கள்

"சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. "காலை உணவில் பாதி மீதம், தண்ணீர் குடித்தது, இரண்டு முறை தண்ணீராகப் போனது" என்று எழுதுங்கள். எடையைக் கிலோவில் குறியுங்கள், மருந்தளவு அதை வைத்துத்தான் போடுவார்கள்: கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 12 கிலோ நாய்க்கு 60. கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டும், ஆனால் மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவர்தான். மனிதர்கள் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம்.

படி 9: மரணத்தைப் பற்றி முன்பே கேளுங்கள்

பாடத்திட்டத்தில் இது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கருணைக்கொலை வேலையின் ஒரு பகுதி. அன்றைக்கு ஊழியர்களுக்கு இடைவேளை உண்டா, முறை வைத்துச் செய்கிறார்களா, யாரிடமாவது பேச முடியுமா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள். கேள்வியே பிடிக்காத மாதிரி முகம் சுளிக்கும் இடத்தில் ஆட்கள் நிலைக்க மாட்டார்கள்.

படி 10: சோதனை நாள்

நேர்காணலோடு ஒரு நாள் வேலை பார்க்கவும் விடச் சொல்லுங்கள். மூடிய ஷூ, ஒட்ட வெட்டிய நகம், தொங்கும் கம்மலோ சங்கிலியோ வேண்டாம். படி 8இல் எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள், சான்றிதழை விட அதைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள். மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும், மதியத்துக்குள் தேவைப்படும்.