பச்சைக் காலனியை எண்ணிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

இறால் குளத்துத் தண்ணீரை, விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் பரப்பி மறுநாள் பார்த்தால் மஞ்சளும் பச்சையுமாகக் காலனிகள், அதாவது பாக்டீரியாக் கூட்டங்கள், முளைத்திருக்கும். மஞ்சள் என்றால் பரவாயில்லை, பச்சை என்றால் ஆபத்து என்று இறால் பண்ணைகளில் ஒரு கணக்கு ஓடுகிறது. முதலில் அதை விடுங்கள். பாக்டீரியா சுக்ரோஸ் என்ற சர்க்கரையைப் புளிக்கவைக்கிறதா இல்லையா என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது, இறாலைக் கொல்லுமா என்பதை அல்ல. பொரிப்பகத் தொட்டிகளில் இரவில் ஒளிர்ந்து குஞ்சுகளைச் சாகடிக்கும் விப்ரியோ ஹார்வேயி பல சமயம் மஞ்சளாகவே வரும்.

சரி, ஆய்வகத்தில் கொடுத்து இனத்தின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா? போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான். இ.எம்.எஸ். (சீக்கிரச் சாவு நோய்) என்று பண்ணைக்காரர்கள் பயப்படும் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் சீனாவில் தலைகாட்டி, வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி, 2013-ல் மெக்சிகோ வரை போனது. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே கல்லீரல் வெளிறிச் சுருங்கி, குடல் காலியாகி, இறால் கூட்டமாகச் சாகும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு 2013-ல் காரணத்தைச் சொன்னபோது அது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற, கடல் தண்ணீரில் சாதாரணமாகவே இருக்கும் பாக்டீரியாவாக இருந்தது. ஆனால் அதில் பெரும்பாலான திரிபுகள், அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் வகைகள், இந்த நோயை உண்டாக்குவதில்லை. சுமார் 70,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட் (தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) உள்ளே இருந்து, அதில் பிர்-ஏ, பிர்-பி என்ற இரண்டு நச்சு மரபணுக்களும் இருந்தால்தான் நோய் வரும். இந்தப் பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. ஹார்வேயி, கேம்பெல்லியை, ஓவென்சியை என்று மற்ற விப்ரியோக்களிலும் பிறகு இதே நச்சு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். ஆக, ரிப்போர்ட்டில் 'பாராஹீமோலிட்டிகஸ் இல்லை' என்று வந்ததும் பெருமூச்சு விடுவதும் தவறு, 'இருக்கிறது' என்று வந்ததும் அவசரமாக அறுவடை செய்வதும் தவறு.

மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தாலும் எதைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். ஆரம்பத்தில் வந்த ஏபி1, ஏபி2 முறைகள் பிளாஸ்மிட்டைத்தான் தேடின. சில திரிபுகளில் பிளாஸ்மிட் இருக்கும், நச்சு மரபணுப் பகுதி மட்டும் கழன்று போயிருக்கும், அப்போது வீணாக 'பாசிட்டிவ்' வரும். பிர்-ஏ, பிர்-பி மரபணுக்களையே தேடும் ஏபி4 போன்ற முறையைக் கேட்டு வாங்குங்கள். 16எஸ் என்ற ஒரே மரபணுவின் வரிசையை மட்டும் பார்த்து இனம் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம். ஹார்வேயியும் கேம்பெல்லியையும் அதில் ஒன்றுபோலவே தெரியும். ஹார்வேயி என்று எழுதி வைத்திருந்த சில திரிபுகள், முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட பிறகு கேம்பெல்லியை என்று மாறியிருக்கின்றன.

ஒரே குளத்தில் ஒரே இனத்தின் பல திரிபுகள் சேர்ந்தே இருக்கும் என்பதை மறந்துவிட்டு, தட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை எடுத்துச் சோதித்து, அதைக் கொல்லும் மருந்தைக் குளம் முழுக்கக் கொட்டுகிறார்கள். பக்கத்துக் காலனிக்கு அந்த மருந்து உறைக்காமலே போகலாம். மெக்சிகோவில் கிடைத்த இ.எம்.எஸ். திரிபுகள் சிலவற்றில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவும் இருந்தது. குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃப்யூரான் போன்றவை நம் நாட்டு இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, அந்தப் பக்கமே போக வேண்டாம். பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் என்ற வைரஸ் பாட்டில் வாங்குபவர்களுக்கும் இதேதான்: ஃபேஜ் பெரும்பாலும் குறிப்பிட்ட சில திரிபுகளைத்தான் தாக்கும், உங்கள் குளத்துத் திரிபு மேல் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

குளோரின் போட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. காலியான தண்ணீரில் தீவனமும் கழிவும் சேர்ந்ததும் முதலில் பெருகுவது வேகமாக வளரும் விப்ரியோதான், போட்டிக்கு ஆள் இருக்காதே.

அப்புறம் மாதிரி அனுப்புவது. செத்து நாறிய இறாலை அனுப்பாதீர்கள், அதில் அழுகலில் வளர்ந்த பாக்டீரியாதான் கிடைக்கும். சாகும் தறுவாயில் இருக்கும் இறால்களைப் பல இடங்களிலிருந்து பிடித்து, பிசிஆருக்குக் கொஞ்சத்தை எத்தனாலில் போடுங்கள், வளர்த்துப் பார்க்க மீதியை உயிரோடு அனுப்புங்கள். எல்லாவற்றையும் எத்தனாலில் போட்டுவிட்டால் எந்தத் திரிபையும் வளர்த்துப் பார்க்க முடியாது.