கிளட்ச் பெடலின் உணர்வு மாறும்போது: காரணம் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்து நகரும்போதும், எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போதும், கார் ஓட்டுபவரின் இடது காலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அதனால் கிளட்ச் பெடலில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் அந்தக் கால்தான் முதலில் அறிகிறது. நேற்று வரை இலகுவாக இறங்கிய பெடல் இன்று கனக்கிறது, அல்லது பஞ்சு போல அமுங்குகிறது, அல்லது பாதத்தில் நடுக்கம் தெரிகிறது. இவற்றைப் பிரித்துச் சொல்லாமல், 'கிளட்ச் சரியில்லை' என்று மட்டும் பட்டறையில் கூறி வண்டியை விட்டுவருவதே மற்ற தவறுகளுக்கெல்லாம் வழி திறந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பெரும்பாலும் 'செட் மாற்றிவிடலாம்' என்ற பதிலே கிடைக்கும். எஞ்சினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றும்தான் அந்த செட். இவற்றை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்; பெடலின் உணர்வை மாற்றும் கோளாறுகளில் பலவோ கியர்பாக்ஸுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கின்றன.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். காசிமேட்டுக்கு அருகே, கடற்காற்று படும் தெருவில் நிறுத்திவந்த என் பழைய காரின் பெடல் சில மாதங்களில் மெல்ல மெல்லக் கனத்தது. ஒரு பட்டறையில் கிளட்ச் செட் முழுவதையும் மாற்றினார்கள். வண்டியை எடுத்தபோது பெடல் முன்பிருந்த அதே கனத்தோடு இருந்தது. தண்டையார்பேட்டையில் இன்னொரு மெக்கானிக், பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளை, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவையான ஃபோர்க்கின் பக்கத்தில் கழற்றிவிட்டு என்னை பெடலை மிதிக்கச் சொன்னார். எதிர்முனையில் எந்தச் சுமையும் இல்லாதபோதும் பெடல் கரகரவென்று இழுத்துக்கொண்டுதான் இறங்கியது. கோளாறு கேபிளில்தான் இருந்தது. உறைக்குள் துருவேறி, சில இழைகள் அறுந்து சிலிர்த்து நின்றதை அவர் பிரித்துக் காட்டினார். கேபிளைக் கழற்றி மிதித்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இதைச் செய்யும்படி கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பெடல் கனத்தவுடன் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு, கனம் குறையாததைக் கண்டு புதுக் கேபிளின் தரத்தைக் குறை சொல்வார்கள். கிளட்ச் பிளேட்டின் பூச்சு தேயத் தேய, பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீல் பக்கமாக மேலும் நகர்கிறது. அதிலுள்ள வட்டத் தகடு போன்ற ஸ்பிரிங்கின் (டயாஃப்ரம் ஸ்பிரிங்) விரல்கள் வெளிப்புறமாக எழும்புகின்றன. அவற்றை அமுக்கக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. எனவே கழற்றிய கேபிளோடு பெடல் இலகுவாக இறங்கினால், கனம் உள்ளிருந்துதான் வருகிறது. தேய்ந்த பிளேட்டோடு, ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயும் ஃபோர்க்கின் தாங்குமுனையும் உலர்ந்து தேய்ந்திருப்பதும் இதே உணர்வைத் தரும். கனத்த கேபிளுக்குள் எஞ்சின் ஆயிலை ஊற்றி ஒப்பேற்றுவதும் நல்லதல்ல. இன்றைய கேபிள்கள் பலவற்றின் உறைக்குள் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அங்கே ஊற்றும் ஆயில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேபிள் வண்டியா ஹைட்ராலிக் வண்டியா என்று தெரியாமலே பேசத் தொடங்குவது அடுத்த தவறு. கேபிளுக்குப் பதிலாக ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பில், பெடல் தன் பக்கத்திலுள்ள மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியே சென்று, கிளட்ச் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். இங்கே பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் இறுகுமானால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் என்று பொருள். மிதித்த நிலையில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது ஆயில் வெளியே கசியாமல் டப்பாவுக்கே திரும்பிவிடும் என்பதால், 'லெவல் குறையவில்லை, ஆகவே ஹைட்ராலிக்கில் கோளாறில்லை' என்ற முடிவு செல்லாது.

லெவல் குறைந்திருந்தால் ஆயிலை ஊற்றிவிட்டு ஓட்டுவது இன்னும் ஆபத்தானது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் டப்பாவில் ஆயில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், பெரும்பாலான கார்களில் பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஆயில் சற்றே மேலேறவே செய்யும். பொது டப்பாவில் லெவல் குறைந்தால், ஒன்று பிரேக் பேடுகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது எங்கோ கசிகிறது. ஓட்டுநர் காலடியில் விரிப்பைத் தூக்கி, பெடலின் தள்ளுகோல், எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்புச்சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பாருங்கள். சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கு கசிந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில்தான் துளி தெரியும். டப்பா மூடியில் குறித்திருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஒருமுறை கலந்தால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். சரியான பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 (DOT 4) என்ற தர வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் வைத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து எழும் ஆவி, காற்றைப் போலவே பெடலைத் தளர்த்தும். அதனால் காலையில் சரியாக இருந்த பெடல் மதிய நெரிசலில் சூடேறிய பின் மட்டும் தளர்ந்தால், ஆயில் எவ்வளவு பழையது என்று முதலில் கேளுங்கள்.

மிகச் சிறியது என்பதால் விடுபட்டுப் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இருக்கும் விரிப்பின் மேல் இன்னொரு ரப்பர் விரிப்பைப் போட்டால், பெடல் அடிவரை இறங்காது. கிளட்ச் முழுமையாக விடுபடாது. ரிவர்ஸ் கியர் கரகரக்கும். விரிப்பை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

சத்தத்தை வைத்து முடிவு செய்யும்போது, அது எப்போது எழுகிறது என்பதே முக்கியம். பெடலை மிதிக்கும்போது எழும் இரைச்சல் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்ததும் மறையும் இரைச்சல் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் பேரிங்கினுடையதாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல பேரிங் குப்பைக்குப் போகும். பெடலில் உணரும் நடுக்கத்துக்கு ஸ்பிரிங் விரல்கள் சமமின்றி வளைந்திருப்பது ஒரு காரணம். வண்டி புறப்படும்போது உடலே குலுங்குவது வேறு. அதற்கு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டையும் ஆயில் பட்ட பிளேட்டையும் பார்க்க வேண்டும்.

பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தேய்மானத்தைக் கணிப்பதும் தவறே. தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும் அமைப்புகளில் அந்த உயரம் அதிகம் மாறாமல் இருக்கலாம். கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மேல் கியரில் எஞ்சினை முறுக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அந்தச் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும். நெரிசலற்ற சாலையில், நாலாவது கியரில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தினால் போதும். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கும் நீரில் இறங்கிய வண்டியை, அப்படியே பல நாட்கள் நிறுத்தி வைத்தால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது பெடலின் உணர்வில் எந்த மாற்றமும் இருக்காது. ஆனால் மிதித்தாலும் கியர் விழாது. பெடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி கியரை வலுவாகத் தள்ளினால், கிளட்சில் இருந்த கோளாறு கியர்பாக்ஸுக்கும் போய்விடும்.

எல்லாம் பார்த்த பிறகும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால், பழைய பிளேட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஆயில் பிசுக்கு இருந்தால், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையோ கியர்பாக்ஸின் முன் சீலையோ மாற்றாமல் புதுப் பிளேட்டைப் பூட்ட விடாதீர்கள்; ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதையும் அப்போதே விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.