ஆள் இல்லாத படகைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது எப்படி

படகைக் கட்டிவிட்டு வீடு திரும்பிய இரவில் மழை கொட்டினால் எனக்குத் தூக்கம் வராது. படகின் அடிக்குழியான பில்ஜில் தண்ணீர் ஏறுகிறதா, பம்ப் ஓடுகிறதா, பேட்டரி விடியும்வரை தாங்குமா என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் தூரத்திலிருந்தே கண்காணிக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்: கம்ப்யூட்டர் பார்க்கட்டும், ஆனால் பில்ஜ் பம்பை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ், ஃபியூஸ், தண்ணீர் ஏறினால் மேலெழுந்து பம்பை ஓட்டும் மிதவை சுவிட்ச், பம்ப், திரும்ப நெகட்டிவ். இவ்வளவுதான் பில்ஜ் பம்பின் சுற்று. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது ஓட வேண்டும், கண்காணிக்கும் கம்ப்யூட்டர் கருகிப்போனாலும் ஓட வேண்டும். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பம்பின் மேலேயே போட்டிருக்கும், அதைத் தாண்டிப் பெரியதாகப் போடாதீர்கள். குப்பை சிக்கி பம்பின் விசிறி நின்றுவிட்டால் ஆம்பியர் எகிறும், அப்போது ஃபியூஸ் போகாவிட்டால் மோட்டாரும் வயரும்தான் சூடேறும்.

சரி, அப்படியானால் கண்காணிப்பது எப்படி? மிதவைக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள வயரில் பம்ப் ஓடும்போது மட்டும் 12 வோல்ட் வரும். அங்கிருந்து ஒரு மெல்லிய வயரை, அதற்கென்று 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, மின்தொடர்பு இல்லாமல் ஒளியாலேயே சிக்னலைக் கடத்தும் ஒரு ஆப்டோகப்ளருக்குக் கொண்டுபோங்கள், அதன் மறுபக்கத்தை இஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் ஒரு பின்னில் சேருங்கள். நேராகச் சேர்த்துவிடாதீர்கள், அந்தப் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இப்போது பம்ப் எத்தனை முறை ஓடியது, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி ஓடியது என்று எண்ண முடியும். என் பார்வையில் படகில் இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை.

ஒரு நாள் என் படகில் அந்த எண்ணிக்கை 40-ஐத் தாண்டியது, ஒவ்வொரு முறையும் 5 விநாடிதான். பதறிப்போய் ஓடினேன். புரொபெல்லர் தண்டு வெளியே போகும் இடம், அடிப்பக்க வால்வுகள், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எங்கும் கசிவு இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு பம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. பம்ப் நின்றதும் ஹோஸில் ஏறியிருந்த தண்ணீர் களகளவென்று திரும்ப இறங்கியது, மிதவை தூக்கிக்கொண்டது, பம்ப் மறுபடி ஓடியது. அதே தண்ணீர்தான் போய்ப் போய் வந்திருக்கிறது. ஹோஸ் நடுவில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடலாமே என்று தோன்றும், நான் போடவில்லை, குப்பை பட்டு அது அடைத்துக்கொண்டால் பம்ப் ஓடியும் பயன் இல்லை. தேவையில்லாமல் நீளமாக இருந்த ஹோஸைக் குறைத்தேன், மிதவையைச் சில சென்டிமீட்டர் உயர்த்தினேன். பில்ஜ் மேலே போகப்போக அகலமாகிறது, ஆகவே திரும்பி வரும் அதே தண்ணீர் அங்கே மிதவையைத் தூக்கும் அளவுக்கு ஏறுவதில்லை.

இரண்டாவது மிதவை ஒன்றும் வேண்டும். முதல் மிதவைக்கு மேலே, தனி வயரில், அலாரத்துக்கு மட்டும். அது தூக்கிக்கொண்டால் பம்ப் தோற்றுவிட்டது என்று பொருள்.

பேட்டரிக்கு ஷன்ட் போடுங்கள், உள்ளே வெளியே போகும் கரன்டை அளக்க உதவும் சாதனம் அது. வோல்டேஜை மட்டும் பார்த்தால் லெட் ஆசிட் பேட்டரியில் ஓரளவு தெரியும்: ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இது உதவாது, பெரும்பகுதி காலி ஆகும்வரை வோல்டேஜ் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று விழும். ஷன்ட் போடும்போது பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஷன்டுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போக வேண்டும், மற்ற எல்லா நெகட்டிவும் ஷன்டின் மறுபக்கத்தில். யாரோ பழைய நாளில் பேட்டரி முனையில் நேராக மாட்டிவைத்த ஒரு வயர் அப்படியே இருந்தால் அது எடுக்கும் கரன்ட் கணக்கிலேயே வராது.

அப்புறம், கண்காணிக்கும் பொருளே பேட்டரியைத் தின்றுவிடக் கூடாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் 4ஜி ரூட்டரும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் 12 வோல்ட்டில் சுமார் 0.8 ஆம்பியர், ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் இரண்டரை நாளில் கதை முடிந்தது. கரை மின்சாரமோ போதுமான சோலாரோ இருந்தால் படகின் தகவல்களை ஒரே இடத்தில் சேர்க்கும் சிக்னல் கே சர்வரை ராஸ்பெர்ரி பையில் ஓட்டுங்கள், அருமையான ஏற்பாடு. இல்லாவிட்டால் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துச் செய்தி அனுப்பும் சின்ன போர்டு போதும்.

படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 கேபிள் ஏற்கெனவே படகில் இருந்தால் எஞ்சின், டேங்க் விவரங்களை அதிலிருந்தே எடுக்கலாம். ஏதாவது தகராறு என்றால் பவரை அணைத்துவிட்டு இரண்டு டேட்டா வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (கேபிளின் முனையில் மாட்டும் ரெசிஸ்டர்) இல்லை, 40 காட்டினால் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

தானியங்கியாக எதை விடலாம்? ஃப்ரிட்ஜை விடலாம், கேபின் விளக்கை விடலாம். பேட்டரி 12.0 வோல்ட்டுக்குக் கீழே இரண்டு நிமிடம் தொடர்ந்து நின்றால் ஃப்ரிட்ஜை வெட்டு, 12.8-ஐத் தொட்ட பிறகு மட்டும் சேர் என்று வையுங்கள். அந்த இடைவெளியும் தாமதமும் இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜை வெட்டிச் சேர்க்கும் மின்சுவிட்சான ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் எஞ்சின் படகு என்றால் எஞ்சின் அறையில் சாதாரண ரிலே வைக்கவே வைக்காதீர்கள். ஆவி தங்கியிருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். தீப்பொறி வெளியே வராதபடி செய்து சான்று பெற்ற சாதனத்தை வாங்குங்கள், அல்லது ரிலேயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வயர் எங்கும் வெள்ளீயம் பூசிய பல இழைத் தாமிரம்தான், சாதாரணத் தாமிரம் உப்புக் காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும்.

எச்சரிக்கை விஷயத்தில் கறாராக இருங்கள். நடு இரவில் என்னை எழுப்புபவை மூன்றுதான்: மேல் மிதவை, கரை மின்சாரம் போய் பேட்டரியும் இறங்குவது, படகிலிருந்து ஒரு மணி நேரமாகச் செய்தியே வராதது. மற்றவை காலையில் ஒரே செய்தியாக வந்தால் போதும். அந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படகு தன் சாவைத் தானே சொல்லாது, செய்தி நின்றுவிட்டதைக் கரையில் உள்ள சர்வர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். ரூட்டரைக் கரை மின்சாரத்தில் மாட்டாமல் பேட்டரியில் மாட்டுவதும் இதற்காகத்தான். படகுக்குப் பக்கத்தில் இருப்பவர், சாவி வைத்திருப்பவர் ஒருவருக்கும் அதே செய்தி போகட்டும்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தால் போதாது, பில்ஜில் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு மேல் மிதவை தூக்கும்வரை ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை எனக்குச் செய்தி வர 11 நிமிடம் ஆனது. மேல் மிதவை தூக்கியபோது போர்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அடுத்த முறை தானாக விழித்த பிறகுதான் தண்ணீரைக் கண்டிருக்கிறது. அந்த மிதவையின் வயரை போர்டை எழுப்பும் பின்னுக்கு மாற்றி மறுபடி ஊற்றினேன். வாளியைக் கீழே வைப்பதற்குள் ஃபோன் அடித்தது.